பெயர் எழுதும் வேலை

நகராட்சியில் வேலை என்று சொன்னால் உடனே எல்லோரும் கேட்கும் கேள்வி, "எந்த செக்‌ஷன்?" என்பதுதான். "பிறப்பு இறப்பு" என்று நான் சொன்னதும் பேச்சு அப்படியே நின்றுபோகும். சிலர் சிரிப்பார்கள். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஓர் அக்கா உண்டு, கிண்டலில் கெட்டிக்காரி. "பிறந்தாலும் இவகிட்டதான் வரணும், செத்தாலும் இவகிட்டதான் வரணும். இவளைப் பகைச்சுக்கக் கூடாதும்மா" என்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவப் பெண் நான். எங்கள் பக்கத்தில் 'சர்ச்' என்று சொல்லுவது குறைவு. கோயில் என்றுதான் சொல்லுவோம். குருவானவரை ஐயர் என்போம். வேறு ஊர் சிநேகிதிகள் இதைக் கேட்டுக் குழம்பிப் போவதுண்டு! எங்கள் வீட்டில் பெண்கள் வேலைக்குப் போவது புதிதல்ல. அம்மா வழிப் பாட்டி கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை. பெரியம்மா நர்ஸ். சித்தி ஒருத்தி காதுகேளாத பிள்ளைகளின் பள்ளியில் வேலை பார்த்தாள். இவர்கள் வேலையையெல்லாம் கோயிலில் 'ஊழியம்' என்று சொல்லுவார்கள். பிரசங்கத்தில்கூட உதாரணம் காட்டுவார்கள். நான் 1986-ல் பரீட்சை எழுதி, வேலை கிடைத்து, நகராட்சியில் போய் உட்கார்ந்தேன். என் வேலையை யாரும் ஊழியம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. அது சோலி. மாதம் பிறந்தால் சம்பளம்.

என்ன சோலி? காலையில் போனதும் ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த படிவங்களைத் தேதிவாரியாக அடுக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, தகப்பனார் பெயர், தாயார் பெயர், முகவரி. பிற்பகலில் இறப்பு. மறுநாள் காலையில் மறுபடி பிறப்பு. நடுவில் பாஸ்போர்ட்டுக்கு, பென்ஷனுக்கு என்று பழைய சான்றிதழ் கேட்டு வருபவர்களுக்காக அலமாரியைத் திறந்து, இராமபாணப் பூச்சி அரித்த பழைய தொகுதிகளைப் புரட்ட வேண்டும். தும்மல் வரும். கை முழுக்கத் தூசி. அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஏது? எழுதி எழுதி என் நடுவிரலில் காய்ப்புக் காய்த்தது இன்னும் இருக்கிறது.

இதிலே என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? ஒரு பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேனா, ஒரு புண்ணுக்குக் கட்டுப் போட்டேனா? வாரத்தில் ஆறு நாள் மை தொட்டு எழுதினேன்; ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு கோயிலில் பாட்டுப் பாடினேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆபீசில் எரிந்து விழுந்தால் அது ஆபீசோடு போயிற்று. கோயிலில் நான் நல்லவள்.

வீட்டில் அத்தை இருந்தார்கள். என் மாமியார். தேரிக்காட்டுப் பக்கத்துக் கிராமத்து மனுஷி. வேதபுத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். அச்செழுத்து மட்டும்தான், கையெழுத்து வாசிக்க வராது. என் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது அவர்கள்தான். அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உலை கொதித்ததும், களைந்த அரிசியைப் போடுவதற்கு முன்னால், அரிசிப் பானையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுவார்கள். ஒவ்வொரு வேளையும். மாதக் கடைசியில் அதைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இது பழைய வழக்கம். மிசோரத்திலும் 1910-லிருந்து இதே வழக்கம் இருப்பதாகப் பிறகு தெரிந்துகொண்டேன். பணம் கையில் இல்லாத பெண்கள் யாரோ யோசித்த யோசனைதான் இது, ஆண்களுக்குத் தோன்றியிருக்காது!

நான் ஒருநாள் சலிப்போடு சொன்னேன்: "அத்தை, மாசக் கடைசியில ரூபாயாப் போட்டுட்டாப் போச்சு. எதுக்கு வேளாவேளைக்கு இந்த வேலை?"

"மாசக் கடைசியில போட்டா ஒரு தடவைதான நெனைப்ப?" என்றார்கள். அவ்வளவுதான். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

1991-ல் ஒரு வியாழக்கிழமை. மாதாந்திரக் கணக்கு அனுப்ப வேண்டிய நாள். காலையிலிருந்தே கூட்டல் சரியாக வரவில்லை. சின்னவனுக்கு வீட்டில் காய்ச்சல். நாலரை மணி இருக்கும், ஒரு பெரியவரும் ஒரு பெண்ணும் வந்து நின்றார்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். முகம் வெளுத்து, காதில் பஞ்சு வைத்து, சேலை முந்தானையால் தலையை மூடியிருந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு என்று பார்த்ததும் தெரிந்தது.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள். எட்டாம் மாதத்திலேயே ராத்திரி வலி கண்டு, வண்டி பிடிப்பதற்குள் வீட்டிலேயே பிறந்துவிட்டது. இரண்டு நாள் இருந்து போய்விட்டது. பிறந்து பத்து நாள் கழித்து, இரண்டையும் பதிய வந்திருந்தார்கள். நான் விவரம் கேட்டுக் கேட்டு எழுதினேன். பிறப்பு ஒன்று, இறப்பு ஒன்று. பெரியவர் கையெழுத்துப் போட்டார். முடிந்தது என்று பேனாவை மூடினேன்.

அந்தப் பெண் மெதுவாக, "பேரு எழுதலியேக்கா" என்றாள்.

அப்போது நான் சொன்னதை இத்தனை வருடம் கழித்தும் என்னால் மறக்க முடியவில்லை. "ரெண்டு நாள் இருந்த பிள்ளைக்கு எதுக்கும்மா பேரு? பேர் இல்லாமலே பதியலாம். அடுத்த ஆள் நிக்காங்க பாரு" என்றேன். அடுத்து யாருமே நிற்கவில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். எனக்குக் கூட்டல் சரியாக வந்தது. ஐந்தே முக்காலுக்கு பஸ் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. பெண்கள் பக்கத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு தலை முக்காடிட்டுக் குனிந்திருந்தது. பக்கவாட்டில் திரும்பியபோது அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் சேகரத்துப் பிள்ளைதான்! கட்டிக்கொடுத்து வெளியூர் போய்விட்டதால் எனக்கு முகம் தெரியவில்லை; அவளுக்கும் என்னைத் தெரியவில்லை. அல்லது தெரிந்துதான் 'அக்கா' என்றாளோ என்னவோ.

மனஸ்தாபத்தோடு அந்தப் பந்திக்குப் போகக் கூடாது என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வரிசை எழுந்து முன்னால் போனது. அவள் போய் முழங்கால் போட்டாள். என் முறை வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த அத்தை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தனியாகப் போனார்கள். நான் கட்டி வைத்திருந்த சுவர் அன்றைக்கு என் தலையிலேயே இடிந்து விழுந்தது.

ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு அத்தை கேட்டார்கள், "ஏளா, என்ன செஞ்ச?" என்று. 'என்ன ஆச்சு' என்று கேட்கவில்லை, கவனியுங்கள். 'என்ன செஞ்ச?' நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வந்தது. ஆறுதல் சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, எனக்குத் தெரியாத ஒரு கதையைச் சொன்னார்கள்.

என் கணவருக்கு முன்னால் அத்தைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது, 1956-ல். அதுவும் நிற்கவில்லை. "உங்க மாமா பனைக்குப் போயிருந்தாவ. பிள்ளைக்கு மூச்சு இழுக்கு. ஐயரைக் கூப்பிடணும்னா மூணு மைல் போவணும். மருத்துவச்சிக் கிழவி நம்ம சபை ஆளு. செம்புத் தண்ணிய எடுத்து, ஜெபம் பண்ணி, தலையில விட்டு, பேரு சொல்லிட்டா. பொழுது விடியுமுன்ன பிள்ளை போயிட்டு. பொறவு ஐயர் வந்து கேட்டு, கோயில் புஸ்தகத்துல எழுதிக்கிட்டாவ. போட்டோ கிடையாது, கல்லறையில கல்லு கிடையாது. அந்தப் பேரு ஒண்ணுதான் இருக்கு."

சாகக் கிடக்கும் குழந்தைக்குக் குரு வந்து சேர நேரமில்லையென்றால், அருகிலிருக்கும் விசுவாசி ஒருவர் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எங்கள் சபையில் உண்டு. அது எனக்குத் தெரியும். ஆனால் அது என் வீட்டிலேயே நடந்தது என்று தெரியாது. என் கணவருக்கே தெரியாது!

"அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டார்கள் அத்தை.

"தெரியலை. ஆகியிருக்காதுன்னு நெனைக்கேன். ராத்திரி பதட்டத்துல..."

"அப்ப கோயில் புஸ்தகத்துல இல்ல. உன் புஸ்தகத்துலயும் நீ எழுதல. பொறவு அந்தப் பிள்ளைக்கு எங்கதாம்ளா பேரு?"

நான் பதில் சொல்லவில்லை. ஐந்து வருடமாக அந்த வேலையைப் பார்க்கிறேன், என் மேஜையில் கிடப்பது என்ன புஸ்தகம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை மேலாளரிடம் போனேன். பெயரில்லாமல் பதிந்த குழந்தைக்குப் பின்னால் பெயர் சேர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. 1969-ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் இறந்துபோன குழந்தைக்கு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டப் புத்தகத்தை எடுத்து இரண்டு தடவை படித்தார். "உயிரோட இருக்கணும்னு இதுல எங்கயும் போடலியேம்மா. தாய் தகப்பன் எழுதிக் கொடுத்தா ஏத்திக்கோ" என்றார். கடுகடுப்பான மனிதர் என்று பெயர் எடுத்தவர் அவர். இறப்புப் பதிவேட்டில் திருத்துவதற்கு வேறு விதி, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கால் நடுங்கியது. அவள் அம்மா என்னை யாரென்று தெரியாமல், சங்கத்திலிருந்து துக்கம் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, பாயை விரித்து காப்பி போடப் போய்விட்டார்கள். அவள் அறைக்குள்ளிருந்து வந்து என்னைப் பார்த்தாள். முகம் இறுகிவிட்டது.

நான் சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. பேர் எழுதலாம். எழுதணும். நாளைக்கு வா" என்றேன். அவள் உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் என்று எழுதினால் கதையில் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. "நெசமாவே எழுதலாமா, இல்ல எங்க அப்பா யார்கிட்டயும் சொல்லி வந்தீங்களா?" என்று கேட்டாள். அப்படிக் கேட்க அவளுக்கு நியாயம் இருந்தது.

மறுநாள் வந்தாள். படிவத்தில் எழுதிக் கொடுத்தாள். இறப்புப் பதிவேட்டிலும் சேர்க்க வேண்டுமானால் தனி மனு எழுத வேண்டும் என்று சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "செத்ததுல வேண்டாம்க்கா. பிறந்ததுல இருந்தாப் போதும்" என்றாள்.

பதிவேட்டைத் திறந்து அவள் பார்க்கும்படி திருப்பி வைத்துக்கொண்டு, அந்தக் கட்டத்தில் பெயரை எழுதினேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டிக்கு எழுதுவதுபோல எழுதினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"அழியாதுல்ல?" என்றாள்.

"அழியாது. இது நிரந்தரப் பதிவேடு."

என்ன பெயர் என்று நீங்கள் கேட்கலாம். அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதியாகிவிட்டது. அவளுக்கும் எனக்கும் பெரிய சிநேகம் என்றும் சொல்ல முடியாது. கோயிலில் பார்த்தால் தலையசைப்பாள். நாலு வருடம் கழித்து ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜைமேல் உட்கார வைத்து, "இவனுக்குப் பேரு மொதல்லயே குடுத்தாச்சு" என்றாள். அதைச் சிரித்துச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும்.

அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கு அத்தையின் ஊருக்குப் போனோம். கோழி, பூசணிக்காய், கருப்பட்டி, வாழைத்தார் என்று கோயில் வாசலில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. நான் ஐயரிடம் போய்க் கேட்டு, பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுக்கச் செய்தேன். தேக்கு அலமாரிக்குள்ளிருந்து வந்தது. 1956. பக்கம் பழுப்பேறியிருந்தது. பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, பெயர், பெற்றோர், ஊர், தகப்பன் தொழில் - என் பதிவேட்டில் இருக்கிற அதே கட்டங்கள்! ஓரத்தில் சிறிய எழுத்தில் மருத்துவச்சி கொடுத்த ஞானஸ்நானம் என்று குறித்திருந்தது.

அத்தைக்குக் கையெழுத்து வாசிக்க வராதே. நான் விரலை வைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார்கள். "இதா? இம்புட்டுதானா?" என்றார்கள். பிறகு முந்தானை நுனியால் அந்த வரியைத் துடைத்தார்கள், தூசி ஒன்றும் இல்லாவிட்டாலும். வெளியே யாரோ ஒரு சேவலுக்கு அம்பது ரூபாய் என்று கத்தினார்கள்.

பாளையங்கோட்டைச் சபையின் மிகப் பழைய பதிவேடு 1780-ஆம் வருடத்தது. அதில் நாற்பது பேர் இருந்தார்கள் என்றும், முதலில் இருந்தது கிளாரிந்தா என்ற விதவைப் பெண்ணின் பெயர் என்றும் படித்திருக்கிறேன். 1785-ல் அவள் கட்டிய கோயில் இன்றும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பார்கள். அந்த நாற்பது பேரையும் உட்கார்ந்து எழுதியது யார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. எழுதிய கையைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் மாறிவிட்டேனா? எரிந்து விழுவது அடியோடு போய்விடவில்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் படிவத்தை எழுதுமுன் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதும் பழக்கம் வந்தது. எதிரில் நிற்பவர்கள் "ஆமா, அதான்" என்பார்கள். அதில் தப்பும் குறைந்தது. எத்தனை பேர் ஓர் எழுத்துப் பிழையால் பின்னாளில் அலைகிறார்கள், உங்களுக்குத் தெரியாதா!

இளம் தாய்மார்களுக்கு இங்கே இரண்டு வார்த்தை. என் பழைய சோலி விடாது. குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது. ஆஸ்பத்திரியில் பிறந்தால் தகவல் அனுப்புவது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. ஆனால் அனுப்பினார்களா, உங்கள் பெயரைச் சரியாக எழுதினார்களா என்று வீடு திரும்புமுன் நீங்களே கேட்டுப் பாருங்கள். வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர் சொல்ல வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். முதலில் பதிந்துவிட்டு, பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் கட்டணம் கட்டிப் பதினைந்து வருடம் வரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்க்க, பாஸ்போர்ட் எடுக்க என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். அந்தக் காலத்தைப்போல வாத்தியார் போட்ட தேதி செல்லாது! குழந்தை தங்காமல் போனாலும் பதியுங்கள். பேர் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எதிரில் இருப்பவள் முகத்தைச் சுளித்தாலும் விடாதீர்கள்.

நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. அத்தை இப்போது இல்லை. கைப்பிடி அரிசி எடுப்பதை நான் தொடர்ந்து செய்கிறேன், குக்கரில் சமைத்தாலும். ஒரு வேளைக்கு ஒரு தடவை. இப்போது அதன் கணக்கு எனக்குப் புரிகிறது.

போன லெந்து நாட்களில் எங்கள் ஐயர் என்னைக் கூப்பிட்டு, "பழைய பதிவேடுகள் உதிர ஆரம்பிச்சுட்டும்மா. கம்ப்யூட்டர்ல ஏத்துததுக்கு முன்னால, உதிர்ற பக்கத்தையெல்லாம் கையால ஒரு படி எடுத்து வைக்கணும். உங்க எழுத்து நல்லாயிருக்குமே" என்றார். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பத்து மணிக்குப் போகிறேன். கோயில் பக்கத்து அறையில் ஜன்னலோரம் மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கோயில்குட்டியார் வந்து மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போவார். காற்றில் பக்கம் பறக்கும் என்று நான் உடனே அதை நிறுத்திவிடுவேன். இது எங்கள் இரண்டு பேருக்கும் தினசரிச் சண்டை.

ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதுகிறேன். நேற்றோடு 1931 முடிந்தது. மை தீர்ந்துவிட்டது. வரும்போது ஒரு பாட்டில் வாங்கி வரும்படி பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன், கறுப்பு மை, அழியாத தினுசு.